சிக்ஸ்டனின் சுத்தமான மூன்று ஆண்டுகள்

செத்து மூன்று மாதம் ஆன பிறகு, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிக்ஸ்டன் எங்கள் ஸ்கார்விக் ஊரின் போதை சிகிச்சை கிளினிக்குக்கு வந்து, வாசல் பெட்டியில் வரிசைச் சீட்டு ஒன்றைக் கிழித்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று மீன் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. துறைமுகத்தில் பனிக்கட்டி கெட்டியாகக் கிடந்தது. கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவனுடைய அடக்கத்துக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தவர்கள். ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. சீட்டு எடுத்திருக்கிறான், யாரையும் முந்தவில்லை, சத்தம் போடவில்லை. அப்படிப்பட்டவனை எங்கள் ஊரில் எதுவும் கேட்கமாட்டார்கள். அவன் கோட்டின் தோளில் பனி படிந்திருந்தது. கூடத்தில் அத்தனை சூடு இருந்தும் அது உருகவில்லை.

அவன் செத்த கதை சின்னது. ஹெராயினுக்குப் பதிலாகக் கிளினிக்கில் தினமும் காலையில் ஒரு மாற்று மருந்து கொடுப்பார்கள். அதைக் குடித்தால் உடம்பு நடுங்காது, சாப்பாடு இறங்கும், வேலைக்குப் போகலாம். கூடவே சிறுநீரையும் சோதிப்பார்கள். ஒரே ஒரு தடவை அதில் வேறு ஏதாவது தெரிந்தால் மூன்று மாதத்துக்குக் கதவு சாத்தப்படும். காய்ச்சல்காரனைக் காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியை விட்டுத் துரத்துவது போன்ற விதி. இதை எழுதியவர்கள் நிறையப் படித்தவர்கள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எட்டு மாதம் ஒழுங்காக இருந்த சிக்ஸ்டன் நவம்பரில் ஒரு நாள் தவறினான். துரத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் அவன் குடும்பம் குடியிருந்த அடுக்குமாடியின் நிலவறையில், எல்லோருக்கும் பொதுவான சலவை அறையில், ஊசியோடு செத்துக் கிடந்தான். அன்று அந்த அறையைத் தன் முறைக்குப் பதிவு செய்திருந்தவள் அவன் அம்மா குட்ரூன். அழுக்குத் துணிக்கூடையோடு இறங்கிப் போனவள்தான் முதலில் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த அறைப்பக்கமே போகவில்லை. குளியல் தொட்டியிலேயே துணி கசக்கிக்கொண்டாள். துரத்தும்போது சிக்ஸ்டனிடம் பிப்ரவரியில் மறுபடி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடி வந்துவிட்டான்.

நர்ஸ் மார்கித் குடிமக்கள் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஆள் இறந்தவர்தான் என்று அவர்கள் உறுதி செய்தார்கள். தலைமை டாக்டர் லென்னார்ட் விதிகளை ஒரு வரி விடாமல் படித்தார். பொய் சொன்னவனை வெளியேற்றலாம், வராதவனை வெளியேற்றலாம், வேறு போதை எடுத்தவனை வெளியேற்றலாம். செத்தவனைப் பற்றி ஒன்றும் இல்லை. சேர்த்துக்கொண்டார். சிக்ஸ்டனின் சிறுநீர் பனி உருகிய தண்ணீராக இருந்தது. மூன்று ஆண்டுகள் அவன் ஒரு நாளும் தவறவில்லை. எரிந்து விழவில்லை, மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சவில்லை, புயல் அடித்த நாளிலும் நேரத்துக்கு வந்தான். தலைநகரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அவனை அளந்தார்கள். கண்டிப்பு இருந்தால் மனிதன் திருந்துவான் என்பதற்கு அவனையே ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை எழுதினார்கள். நோயாளி இறந்தவர், ஆனால் அது சிகிச்சைக்கு இடையூறாக இல்லை என்று அதன் அடிக்குறிப்பில் இருந்தது. அதன்பின் நாடு முழுவதும் ஸ்கார்விக் முறை என்றே பேச்சு. விதி இளகும் என்று நம்பியிருந்த ஊர்களில்கூட இறுக்கிக் கட்டினார்கள்.

குட்ரூன் அந்த மூன்று ஆண்டும் ஏறி இறங்காத படி கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பேருந்தை எடுத்துக்கொண்டு, அந்த விதியை எடுக்கச் சொல்லிக் கேட்க அதிகாரிகளின் குழுக்கூட்டங்களுக்குப் போவாள். எல்லா இடத்திலும் அவளுக்குக் காப்பியும் ஏலக்காய் பன்னும் கொடுத்தார்கள், தலையைச் சாய்த்துக் கேட்டார்கள், உங்கள் அனுபவம் எங்களுக்கு மிக முக்கியம் என்றார்கள். கடைசியில் மேலும் ஆய்வு தேவை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு சாவை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாதாம். அவள் பையன் செத்தது ஆதாரம் இல்லையாம், செத்தவன் கொடுத்த சிறுநீர் மட்டும் ஆதாரமாம். செவிடன் காதில் சங்கு ஊதியது போல் ஆயிற்று. மூன்றாவது ஆண்டு முடியும் சமயத்தில், அதே கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த அவள் மகள் இல்வாவின் சோதனையிலும் வேறு ஏதோ தெரிந்தது. அவளையும் துரத்தினார்கள்.

குட்ரூன் நேராக லென்னார்டின் அறைக்குப் போனாள். சின்ன வயதில் அவள் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவர்தான் அவர்.

"லென்னார்ட் தம்பி, நீ என் பஸ்ல வாந்தி எடுத்தியே, உன்ன நடுரோட்டுல இறக்கிவிட்டேனா? மூணு மாசம் கழிச்சு வந்து ஏறிக்கோன்னு சொன்னேனா?"

லென்னார்ட் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருக்கும் கண் கலங்கியது. "அக்கா, விதி எல்லாருக்கும் ஒண்ணு. இல்வாவுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தா மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். எங்கள் நாட்டில் இதற்கு மேல் பேச்சே கிடையாது. ஒருவனுக்கு ஒரு பன் கூடுதலாகக் கொடுத்தால் ஊருக்கே கொடுத்தாக வேண்டும். அதனால் ஒருவனுக்கும் கொடுக்கமாட்டார்கள்.

அவள் வெளியே வந்து கூடத்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிக்ஸ்டா, நீ ஒரு தப்பு பண்ணணும்டா."

"அம்மா, நான் மூணு வருஷமா சுத்தமா இருக்கேன்மா. உயிரோட இருந்தப்ப எட்டு மாசம்தான் முடிஞ்சுது."

"தெரியும்டா கண்ணு. அதனாலதான் கேக்கறேன். உன்னத் துரத்த இவங்களுக்கு மனசு வராது."

அவன் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்க அவன் ஆசைப்பட்டது அந்தச் சுத்தம் ஒன்றுதான். பிறகு, "இல்வா எங்க இருக்கா?" என்று கேட்டான்.

"சலவை அறைல. அங்கதான் கதகதப்பா இருக்காம்."

அவன் மருந்துகூட வாங்காமல் எழுந்து போனான். சலவை அறையில் இல்வா அப்போதுதான் ஊசியை நிரப்பி வைத்திருந்தாள். அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தன் கையில் ஏற்றிக்கொண்டான். அதே சரக்கு அந்த வாரம் பக்கத்து ஊரில் இரண்டு பேரைக் கொன்றது. சிக்ஸ்டன் ஏற்கெனவே செத்திருந்ததால் அவனை ஒன்றும் செய்யவில்லை. அன்று முழுவதும் அண்ணனும் தங்கையும் சூடான காற்றில் துணி காயவைக்கும் மின்சார அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்ததாக மேல்மாடிக்காரர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை அவன் சிறுநீர் பழுப்பாக இருந்தது. மார்கித் மூன்று முறை சோதித்தாள், மூன்று முறையும் ஹெராயின் தெரிந்தது. மறு வாரம் வெளிநாடுகளிலிருந்து பெரிய மனிதர்கள் ஸ்கார்விக் முறையைப் பார்க்க வருவதாக இருந்தது. லென்னார்ட் கூடத்துக்கே வந்து சிக்ஸ்டனின் தோளில், அந்தப் பனியின் மேலேயே, கை வைத்தார். "ஒரு தடவை சறுக்கினா என்னப்பா? மனுஷன்னா அப்படித்தான். நீ நாளைக்கும் வா" என்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. வாசலில் இல்வாவின் கையைப் பிடித்துக்கொண்டு குட்ரூன் நின்றிருந்தாள்.

"இப்ப மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போற தம்பி?"

லென்னார்ட் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் இல்வா தன் மருந்தைக் குடித்துவிட்டாள். அந்த வாரமே எங்கள் கிளினிக்கில் விதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மற்ற ஊர்களிலும் எடுத்தார்கள். உயிரோடு இருந்தவன் ஒரு நாள் தவறியபோது யாருக்கும் வராத இரக்கம், அவன் செத்துப் பெயர் வாங்கிய பிறகுதான் வந்தது. அதைக் கொஞ்சம் முன்னாலேயே காட்டியிருக்கலாம் என்று இன்றுவரை எந்த அறிக்கையிலும் இல்லை.

சிக்ஸ்டன் இப்போதும் தினமும் வருகிறான். தவறிய அந்த நாளுக்குப் பிறகு, சுத்தமாக இருந்த நாட்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறான். பக்கத்து நாற்காலியில் இல்வா. அவள் இந்த வசந்தத்தில் இன்னொரு முறை தவறினாள், மறுநாளும் மருந்து கொடுத்தார்கள். குட்ரூன் வியாழக்கிழமைகளில் சலவை அறையை மறுபடி பதிவு செய்கிறாள். கூடையை இல்வா தூக்கிக்கொண்டு போகிறாள். சிக்ஸ்டனின் கோட்டையும் வாங்கி மற்றத் துணிகளோடு அந்த மின்சார அலமாரியில் மாட்டுகிறார்கள். எல்லாம் காய்ந்துவிடும், எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அந்தக் கோட் மட்டும் காய்வதில்லை. அவன் அதை ஈரத்தோடு போட்டுக்கொண்டு போகிறான்.