இருதயம்மாவின் மேட்டில் நித்தியகல்யாணி

1

இந்தக் காலத்து ஆட்கள் செத்தவர்களைப் போனில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். படத்துக்குப் பூப் போட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. குழிமேட்டில் புல் பிடுங்க ஒருத்தன் வரமாட்டான். பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து மயானத்தில் கிழவர் ஒருவர் தனியாக வாளியோடு நிற்பதைப் பார்த்த ஆத்திரத்தில் இந்தக் கதையைத் தொடங்கினேன். அவருக்கு மாணிக்கராஜ் என்று பெயர் வைத்தேன்.

முதல் வரி: அந்திச் சூரியன் தேயிலை மலைகளைத் தழுவியபோது, மாணிக்கராஜின் உள்ளம்...

வேண்டாம். சூரியன் யாரையும் தழுவவில்லை. ஓகஸ்ட் மாதம், மண் வெடித்துக் கிடந்தது.

2

மனைவி இருதயம்மாவின் மரச்சிலுவையைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சிய அடையாளம் ஒரு நித்தியகல்யாணிச் செடி. சுற்றிலும் பேர் தெரியாத மேடுகள். செடி போனால் அவள் எங்கே கிடக்கிறாள் என்றே தெரியாது. தினமும் இரண்டு வாளி ஊற்றினார்.

பைப்படியில் பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மா சொன்னாள்:

"அண்ணே, அது காஞ்சு கெடந்தாலும் பூக்குங்க. நீங்க ஊத்தி ஊத்தித்தான் சாகடிப்பீங்க."

"தண்ணி ஒங்கப்பன் வீட்டுதா?"

"எங்கப்பன் வீட்டுல பைப்பு இருந்தா நான் ஏன் இங்க கொடத்தோட நிக்கிறேன்?"

தண்ணீர் விட மனசில்லாமல் பேசுகிறாள் என்று நினைத்தார். இலை மஞ்சளானது. தாகம்தான் என்று மூன்று வாளியாக்கினார்.

(இப்படி ஒரு மடையன் இருப்பானா என்று எனக்கே சந்தேகம். அடித்துவிட்டு எழுதிப் பார்த்தேன். மறுபடியும் மூன்று வாளிதான் வந்தது.)

3

ஒரு நாள் தொட்டதும் செடி கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துக் கூழாகி நாறியது. அதை நெஞ்சோடு அணைத்து அவர்... இல்லை, தூக்கி எறிந்தார். அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார். ஒக்டோபர் மழையில் மேடுகள் கரைந்தன. மலையிலிருந்து நூறு கல் உருண்டு வந்து கிடந்தது.

4

முடிவு ஒன்று: செடி உதிர்த்த விதை முளைக்கிறது. எழுதினேன். பதினொரு இடத்தில் முளைத்தது. எறும்பு இழுத்துப் போன இடமெல்லாம். எல்லார் மேட்டிலும் அதே இலை.

முடிவு இரண்டு: இராக்கம்மா வருகிறாள்.

"இதுதாங்க அக்கா எடம். அன்னைக்கு நானுந்தானே ஒரு பிடி மண்ணு போட்டேன்."

"நீ எதையாச்சும் காட்டுவ."

"தண்ணி விஷயத்துல பொய் சொன்னேனா அண்ணே?"

அவரை அங்கே முழங்கால் போடவைக்க மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அவர் குனியவில்லை. வேறு யாருக்கோ ஜெபம் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

அவள் காட்டியது சரியா? எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் முடித்துக்கொள்ளுங்கள். மாணிக்கராஜ் நம்பவில்லை. இறங்கிப் போகிறார், இருதயம்மாவை மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து.