மச்சானுக்குப் போன பந்துகள்

ஐந்தாவது தடவையாகவும் நளீர் பந்தை றஸ்மிக்கே எறிந்தான். ஸுஹைறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொலைக்காட்சியில் ஓடிய வீடியோ ஆட்டத்தில் அவள் ஓட்டுகிற ஆள், எண்பத்தேழாம் இலக்கச் சட்டைக்காரன், மைதானத்தின் நடுவில் கையை உயர்த்தியபடி தனியாக நின்றான். அவனைச் சுற்றிப் பத்து யார் தூரத்துக்கு ஈ காக்கைகூட இல்லை. றஸ்மியின் ஆளையோ இரண்டு பேர் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து அந்த மூவரின் தலைக்கு மேலால் போய் வெளியே விழுந்தது. நல்ல எறிதான், கொஞ்சம் நீண்டுவிட்டது என்று றஸ்மி மச்சானைத் தேற்றினான். நளீரும் தலையை ஆட்டினான். நடுவில் ஒருத்தி நின்றாளே என்று இருவரில் ஒருவருக்காவது கண் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. எதிர் அணிக்காரர் மூன்று பேரும் அமெரிக்காவில் எங்கோ ஒரு நகரத்தில் சனிக்கிழமை இரவில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே கல்முனையில் புருசன் நளீர், பெண்சாதி ஸுஹைறா, அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் றஸ்மி என்று மூன்று பேர் ஒரே பாயில் ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு இருந்தார்கள். அறுபத்துநாலு அணிகள் மோதிய போட்டியில் இது இறுதி ஆட்டம். பெயர்தான் அமெரிக்கக் கால்பந்து, காலுக்குப் பெரிதாக வேலையில்லை. இந்தச் சின்ன ஆட்டத்தில் ஒருவன் எறிவான், இருவர் ஓடிப் பிடிப்பார்கள், எதிரே மூவர் மறிப்பார்கள். பத்து யார் முன்னேற நாலு தரம் எறியலாம். நளீர் எறிபவன். றஸ்மியும் ஸுஹைறாவும் ஓடுபவர்கள்.

ஸுஹைறா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். அவளுக்கு இது தரம் மூன்று பிள்ளையின் கணக்கு. மறிக்க மூன்று பேர். இரண்டு பேர் காக்காவைப் பிடித்தால் மிச்சம் ஒருவன். அவனும் நளீரை விழுத்தப் பாய்ந்தால் அவளைப் பிடிக்க யார்? பந்து புறப்படுமுன் அவள் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு நடந்து பார்ப்பாள். கூடவே ஒருவன் வந்தால் அவர்கள் ஆளை மறிக்கிறார்கள், வராவிட்டால் இடத்தை மறிக்கிறார்கள். எதிர் அணிக்காரர் விளையாடிய பழைய ஆட்டங்களையெல்லாம் இருந்து பார்த்து, சீஆர் நோட்டுக் கொப்பியில் கோடு கீறி, நேற்றுப் பின்னேரம் புருசனுக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். நளீர் மொக்கனில்லை. எல்லாம் விளங்கி, அவளைவிட அழகாக ஒரு கோடும் கீறிக் காட்டினான். காக்கா பாயில் வந்து உட்கார்ந்ததும் கொப்பியும் போச்சு, கோடும் போச்சு.

ஏன் போச்சு என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கரையில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் றஸ்மி கத்தாருக்குப் போய்ப் பதினொரு வருசம் வெயிலில் காய்ந்து தங்கச்சிக்கு இந்த வீட்டைக் கட்டினான். அவள் அதை மறக்கிறவளில்லை. ஆனால் நளீர் ஒரு நிமிசமும் மறக்கமாட்டான், அதுதான் கரைச்சல். சம்மாந்துறை அரிசி ஆலையில் இருபது பேரை மேய்க்கிற மனிசன், வீட்டுக்குள் வந்தால் வாய்க்குள் கொழுக்கட்டை. எல்லாரும் ஒரே சகன் தட்டில் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் தன் பக்கத்து இறைச்சித் துண்டை விரலால் மெல்ல மச்சான் பக்கம் தள்ளிவிடுவான். யாரும் கேட்டுத் தள்ளுவதில்லை, கை பழகிவிட்டது. பந்தையும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு விடியத் தேத்தண்ணி குடிக்கும்போதும் அதுதான் நடந்தது. இனி வெளிநாடு போவதில்லை, இந்த வீட்டு முன் அறையை உடைத்து போன் கடை போடப் போகிறேன், நாளைக்கு மேசன் வருவான் என்று றஸ்மி சொன்னான். ஓம் மச்சான், நல்லம் என்றான் நளீர். வீட்டு உறுதிப் பத்திரம் ஸுஹைறாவின் பெயரில் இருக்கிறது. அந்த முன் அறையில்தான் அவள் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கேத்தலோடு பக்கத்தில் நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க இரண்டு ஆம்பிளைகளுக்கும் தோன்றவில்லை. ஆட்டம் முடியட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசி இருபது விநாடி. நாலு புள்ளி குறைவு, எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதற்கு எட்டு யார் தூரம், எறிய ஒரே ஒரு தரம் மிச்சம்.

"இஞ்ச பாருங்க," என்றாள். "ரெண்டு பேரும் காக்காவோடதான் போவானுகள். நான் நடுவால வாறன். எனக்கு எறிங்க."

"அவள்ற கதையக் கேக்காத மச்சான். மூலைக்குத் தூக்கிப் போடு, நான் எடுக்கன்."

"ஓம்," என்றான் நளீர், திரையைப் பார்த்தபடி.

அந்த ஓம் யாருக்கு? ஆறு வருசமாக ஸுஹைறா கேட்டுவருகிற ஓம் அது. அது யார் பக்கம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கடைசித் தரமும் தொடங்கியது. மூன்றடி ஓடினாள். மறிப்பவர் இருவர் காக்காவின் பின்னால் மூலைக்குப் போனார்கள், மூன்றாமவன் நளீர்மேல் பாய்ந்தான். எல்லாம் அவள் கீறிய கோட்டின்படிதான். கீறி என்ன பயன்? போங்கடா நீங்களும் உங்கட பந்தும் என்று கன்ட்ரோலரைப் பாயில் வைத்தாள்.

அப்போதுதான் பந்து வந்தது. மூலைக்கல்ல, நடுவுக்கு. நேராக, நெஞ்சு உயரத்தில், இதைவிட அழகாக யாரும் எறிய முடியாது என்கிறமாதிரி வந்தது. அவள் பாய்ந்து கன்ட்ரோலரை எடுப்பதற்குள் எண்பத்தேழாம் இலக்கக்காரனின் நெஞ்சில் பட்டு நிலத்தில் விழுந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது.

றஸ்மி சிரித்தான். "பாத்தியா புள்ள? இதுக்குத்தான் உனக்கு எறியிறல்ல."

நளீர் அவளைப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை. அது அவளை இன்னும் எரித்தது.

"நீ தனியா நிண்டாய்," என்றான் மெதுவாக. "பாத்துத்தான் எறிஞ்சன்."

முதல் பந்தையே பார்த்து எறிந்திருந்தால் அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருப்பாளா? ஆட்டம் முழுக்கக் காக்காவுக்குத் தள்ளிவிட்டு, அவள் கைவிட்ட நேரம் பார்த்துத்தானா இந்த மனிசனுக்குக் கண் திறக்க வேண்டும்? அவன்மேல் வந்த கோபம் போதாமல் தன் இரண்டு கைகள்மேலும் வந்தது. இன்னும் ஒரேயொரு விநாடி கன்ட்ரோலரைப் பிடித்திருந்தால் போதும். அதைக்கூட அவளால் செய்ய முடியாமல் போயிற்று.

றஸ்மி எழுந்து சாரனை உதறிக் கட்டினான். தோற்றது போகட்டும், மேசன் விடியவே வந்துவிடுவான், முன் அறைச் சாமான்களை இன்றைக்கே ஒதுக்க வேண்டும் என்று நளீரிடம் சொன்னான். வழமைபோல நளீரிடம்தான்.

"மேசன் வரத் தேவல்ல காக்கா," என்றாள் ஸுஹைறா. அவளும் பாயிலிருந்து எழுந்தாள். "வீட்ட நீங்கதான் கட்டித் தந்தீங்க, அல்லாஹ் அறிவான். ஆனா இது என்ட வீடு. அறைய உடைக்க நான் ஓம் எண்டு சொல்லல்ல."

றஸ்மி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன மச்சான்," என்றான் நளீரிடம். "இவள் என்ன சொல்றாள்?"

திரையில் கடைசி எறி மெதுவாக, திரும்பவும் ஓடிக்கொண்டிருந்தது. பந்து எறிபவனின் கையைவிட்டு இன்னும் புறப்படவில்லை. நளீர் திரையிலிருந்து திரும்பினான். மச்சானைப் பார்த்தான். பிறகு பெண்சாதியைப் பார்த்தான். ஸுஹைறா இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.