ஏழாம் எபிசோடில் மழை

இரண்டு வாரம் பிடிக்க வேண்டிய வேலை இரண்டே நாளில் முடிந்ததும் ஓரியே தமாருவுக்குப் பகீரென்றது. டோக்கியோவின் ஓகிகுபோ பகுதியில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோவில் அவள் டைரக்டர். லாரியில் அடிபட்டுச் சாகும் பையன் வேறோர் உலகத்தில் கண் விழிக்கிறான்; வெள்ளி முடிக்காரி ஒருத்தி காப்பாற்றுகிறாள்; டிராகன் வருகிறது. இப்படி மூன்று தொடர்கள் எடுத்துவிட்டாள். மூன்றும் ஓடின. இப்போது நான்காவது. முதல் எபிசோடின் காட்சிகளை வரிசையாக வரைந்து முடித்திருந்தாள். மனது எங்கோ இருக்க, கை தானாக வரைந்திருந்தது.

மறுநாள் பணம் போடும் கம்பெனிகளின் கூட்டம். பழைய தொடர்கள் மூன்றின் முதல் எபிசோடு தாள்களையும் எடுத்துப் போனாள். சீட்டுக் கட்டு மாதிரி கலைத்து மேஜையில் பரப்பினாள்.

"எது எந்தத் தொடர்னு பிரிச்சுக் குடுங்க, பாப்போம்."

தயாரிப்பாளர் குரோசு அவள் காதருகே குனிந்தார். "ஓரியே, காரியத்தைக் கெடுத்துடாதே."

"சும்மா இருங்க, குரோசு சார்."

பதிப்பகத்து அம்மாள் ஹத்தா பத்து நிமிடம் திணறினாள். பொம்மைக் கம்பெனி நிஷிவாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாதிக்கு மேல் தப்பு. கடைசியில் ஓரியே தானே பிரித்தாள். அவளும் நாலு தாளைத் தப்பாக மாற்றி வைத்தாள்.

"அதனால என்ன, டைரக்டர்? விக்குதுல்ல!" என்றார் நிஷிவாகி. "ராமென் நூடுல்ஸ் கடைக்காரன் தினம் ஒரே ராமென்தான் விக்கிறான்."

"விக்கட்டும். ஆனா அவன் தினம் காலையில சூப்பு புதுசா வைக்கிறான். நாம நேத்து மிஞ்சினதைச் சுட வெச்சு ஊத்துறோம். சனங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க."

ஹத்தா முதலில் சிரித்தாள். பேரம் நடந்தது. பன்னிரண்டு எபிசோடில் ஒன்றை, ஏழாவதை, அவள் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளி முடிக்காரி இருக்கணும், கத்தி தெரியணும். ஓரியே உடனே தலையசைத்தாள்.

ஏழாவதில் பையனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் விடாமல் மழை. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, விறகு பிளந்து வாய் உடைந்த கத்தியைத் தீட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. இருபது வருஷமாக டிராகன் வரைந்து அலுத்த ஸ்டூடியோ ஓவியர் கோந்தா, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஸென்புகுஜி ஆற்றோரம் நாலு நாள் நின்றார். திரும்பி வந்து, "கல்லுல விழுற மழையும் தண்ணியில விழுற மழையும் ஒண்ணில்லம்மா, இத்தனை நாள் ஏமாத்தியிருக்கோம்!" என்று கத்தினார். மழைக் காட்சிகளை யார் வரைவது என்று ஸ்டூடியோவில் சண்டையே நடந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று ஓரியேவுக்கு நினைவில்லை.

எபிசோடு வெளியானதும், 'ஒண்ணுமே நடக்கல' என்று பார்த்தவர்கள் இணையத்தில் திட்டி எழுதினார்கள். திட்டியவர்களே மறுபடி பார்த்தார்கள். வாய் உடைந்த கத்தி கிடைக்குமா என்று பொம்மைக் கடைகளில் கேட்டார்கள். நிஷிவாகி போனில் சந்தோஷத்தில் குதித்தார்.

"டைரக்டர், அடுத்த வருஷம் பன்னிரண்டு எபிசோடுலயும் மழை! எல்லாருக்கும் காய்ச்சல்!"

ஓரியே வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த மழை விட்டாச்சு சார். என் இஷ்டத்துக்கு ஆறு எபிசோடு குடுங்க. அதுல என்ன வரும்னு எனக்கே இன்னும் தெரியாது."

"தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"போன தடவையும் தெரியாமத்தானே போட்டீங்க?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. நிஷிவாகி, "நாலு" என்றார்.

"அஞ்சு."

"உங்களோட பெரிய தொல்லை. சரி, அஞ்சு!"

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த குரோசு நாற்காலியில் சரிந்தார். ஓரியே அன்று மதியம் ஸ்டூடியோவுக்கு மொத்தமாக விலாங்கு மீன் சோறு வரவழைத்து, தன் பெட்டிச் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.