இடக்கையின் வலது மணிக்கட்டு

"மணிக்கட்டு சுற்றளவு தெரியுமா சார்?" என்று விற்பனைப் பெண் கேட்டாள்.

"ஒன்பது இன்ச்" என்றேன். என் குறிப்பேட்டில் அப்படித்தான் இருந்தது. அந்தக் குறிப்பேட்டில் இதுவரை பிழை கண்டவர் இல்லை.

அவள் கையிலிருந்த வாட்சை மெதுவாகத் தட்டில் வைத்தாள். "அவங்க மல்யுத்தம் பண்றவங்களா சார்?"

"சட்டை வெட்டுறவன். ஒல்லி ஆளு."

சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் சட்டை வெட்டுபவன். சட்டைக் கையின் நுனியான கஃப்புக்கு அளவெடுக்கும்போது, பொத்தான் போட்ட பிறகும் கை புழங்க வேண்டும் என்பதால் இரண்டு அங்குலம் லூஸ் சேர்த்தே எழுதுவோம். உள்ளே இருக்கும் எலும்பின் அளவை நாங்கள் யாரும் எழுதிவைப்பதில்லை. ஒன்பது அங்குலம் என் மைத்துனனின் கஃப், மைத்துனன் அல்லன்.

வாட்ச் அவனுக்குத்தான். பட்டறையில் அவன் இடது கையால் வெட்டுபவன் என்பதால், எல்லோருக்கும் அவன் இடக்கை. சென்ற ஆண்டு வெட்டும் இயந்திரத்தின் கத்தி என் வலது கட்டைவிரலின் நரம்பை அறுத்தது. எட்டு மாதம் என்னால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. என் மேசையான மூன்றாம் மேசை காலியாகக் கிடந்தால் வேறு ஆள் எடுப்பேன் என்று முதலாளி சொன்னார். "காலியா கிடக்காது" என்று இவன் சொன்னான். நாள்தோறும் தன் மேசை வேலையை முடித்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்று, என் துணிகளையும் வெட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் சாக்குக்கட்டியால் என் எண்ணான மூன்றை எழுதி அனுப்பினான். நான் திரும்பி வந்தபோது என் மேசை எனக்காக இருந்தது.

நன்றி சொல்லப் போனேன். "அட போங்க மாமா. உங்க மேசைப் பக்கம் காத்து நல்லா வருது, அதான் நின்னேன்" என்றான். இரண்டாம் முறை முயன்றபோது, "அக்காவுக்குத் தெரியுமா நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்கன்னு?" என்றான். மூன்றாம் முறைக்கு வாயைத் திறந்ததும் எழுந்தே போய்விட்டான். தட்டிக்கழிக்க முடியாத, கையில் ஏறி நிற்கிற ஒன்றாக அந்த நன்றியைக் கொடுக்க வேண்டியிருந்தது. விரலுக்கு வந்த இழப்பீடு அப்படியே இருந்தது. கைக்கு வந்தது கைக்கே போகட்டும் என்று முடிவு செய்தேன். விலையை இங்கே எழுதப்போவதில்லை. இதை என் மனைவியும் படிப்பாள்.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. "சுற்றளவு மட்டும் போதாது சார். மணிக்கட்டு மேல்பக்கம் தட்டையா இருக்கும்ல, அந்த அகலம் வேணும்" என்றாள். வாட்சின் மேலும் கீழும் பட்டையைப் பிடித்திருக்கும் கொம்புகளைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்குப் பேரு லக். மேல் லக்ல இருந்து கீழ் லக் வரைக்கும் அந்தத் தட்டைக்குள்ள அடங்கணும். வெளிய நீட்டிக்கிட்டு நின்னா, எவ்வளவு நல்ல வாட்சா இருந்தாலும் தோள் இறங்கின சட்டை மாதிரிதான்."

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை.

மறுநாள் உணவு இடைவேளையில், "மச்சான், உனக்கு ஒரு சட்டை தைக்கலாம்னு இருக்கேன். கையை நீட்டு" என்றேன்.

தையற்காரனுக்குத் தையற்காரன் அளவெடுப்பது பாம்புக்குக் கால் காட்டுகிற வேலை. தோளும் மார்பும் சந்தேகமின்றி முடிந்தன. மணிக்கட்டில், நாடாவுக்குள் விரல் விடாமல் இறுக்கிப் பிடித்தேன்.

"இது சட்டைக்கா மாமா, விலங்குக்கா?"

"புது மாடல்."

மணிக்கட்டின் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தேன். அவன் ஸ்கேலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "விரலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், தலையையும் ஒரு தடவை பாத்திருக்கலாம்" என்றான்.

சுற்றளவு ஏழு அங்குலம். தட்டையின் அகலம் ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். அளவெழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அவள் காட்டியவற்றில் இரண்டு வாட்சுகள் மிஞ்சின. ஒன்று, வட்டமான பெரிய டயல். லக்கிலிருந்து லக்குக்கு ஐம்பத்தொன்று. மற்றொன்று, திண்டு போல மூலைகள் உருண்ட சதுரம். நாற்பத்தைந்துதான், லக்குகள் கீழ்நோக்கி வளைந்திருந்தன. கணக்குப்படி இரண்டும் அடங்கின. என் கண் வட்டத்தின் மேல் இருந்தது. கொடுப்பது பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அற்பமான ஆசைதான். வேறு காரணம் இல்லை.

"வட்டம் தடிமன் அதிகம் சார். கையை மடக்கி வெட்டும்போது பக்கத்துல இருக்கிற இந்தத் திருகு புறங்கையில குத்தும், கஃப்புக்குள்ளயும் போகாது. திண்டு மாடல் கையோட படிஞ்சு கிடக்கும். வாங்கிக் குடுக்கிறவங்க கண்ணுக்கு வட்டம். போட்டுக்கிறவங்க கைக்கு இது."

திண்டையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடித்ததும் பெட்டியை அவன் முன் வைத்தேன். திறந்து பார்த்தான். கேலி எதுவும் வரவில்லை. அதுவே எனக்குப் பாதி வெற்றி. வாட்சை எடுத்தான், இடது கையால் வலது மணிக்கட்டில் கட்டினான். கடைசித் துளையில் மாட்டிய பிறகும் பட்டை தளர்ந்தே இருந்தது. கையைத் தாழ்த்தியதும், டயல் சுழன்று உள்ளங்கைப் பக்கம் போய்விட்டது.

"மாமா, எந்தக் கையை அளந்தீங்க?"

இடது கையை அளந்திருந்தேன். வாட்ச் கட்டுகிற கை என்று எங்கள் தொழிலில் இடது கஃப்பைக் கால் அங்குலம் கூட்டி வெட்டுவோம். யாரையும் கேட்பதில்லை, கை தானாகவே அங்கே போகும். இருபது ஆண்டுகளாக இடக்கை என்று கூப்பிட்டவனின் இடது மணிக்கட்டை, கத்தரிக்கோல் பிடித்துத் தடித்துப்போன மணிக்கட்டை, வாட்சுக்கு அளந்து வந்திருக்கிறேன்.

அவன் சிரித்து முடித்தான். பிறகு வாட்சைக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். "திருப்பிக் குடுத்துருங்க மாமா. இவ்வளவு நல்ல பொருள் எனக்கு எதுக்கு? நீங்க நினைச்சதே போதும்."

இதற்குத்தான் பயந்தேன். நான்காம் முறையும் தட்டிக்கழித்துவிட்டு எழுந்து போகப்போகிறான்.

"உட்காரு" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது, உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே போய், தோலில் துளை போடும் கருவியைக் கொண்டுவந்தேன். ஸ்கேலை வைத்து, பழைய துளைகளின் நேர்கோட்டில் ஊசியால் புள்ளி குத்தினேன். கருவியை வலது கையில் பிடித்து அழுத்தினேன். கட்டைவிரல் நடுங்கியது. நிறுத்தி, மூச்சு விட்டு, மீண்டும் அழுத்தினேன். தோல் வட்டமாகக் கழன்று மேசையில் விழுந்தது. அவன் வாட்சைப் பார்க்கவே இல்லை. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நானே கட்டிவிட்டேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இந்தக் கையின் தட்டை ஐம்பதுதான். பெரிய வட்டம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கும். திண்டு இரு பக்கமும் இடம் விட்டு, எலும்போடு எலும்பாகப் படிந்தது. அந்தப் பெண்ணுக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அவன் கையைத் தாழ்த்தினான். உதறினான். டயல் அசையவில்லை.

"ஓட்டை நேராத்தான் இருக்கு" என்றான். பிறகு, "சட்டைக்குன்னுதானே அளவெடுத்தீங்க? சட்டை எங்க?" என்றான்.

அப்படியொரு சட்டையே இல்லை. மேசையில் கிடந்த தோல் வட்டத்தைப் பொறுக்கி எடுத்தேன்.

"நாளைக்குத் துணி கொண்டாரேன். நீங்களே வெட்டுங்க. வலது கஃப் கால் இன்ச் கூட. வலது, மாமா. எழுதிக்குங்க."

நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து இந்த மூன்று வாரமும், மாலையில் நான் கை கழுவப் போகும் நேரம் பார்த்து, கட்டின் முடிச்சை அவிழ்த்து என் வெட்டுகளை அவன் ஒரு முறை அளந்து பார்ப்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாக நான் காட்டிக்கொண்டதில்லை. மறுநாள் வெள்ளைத் துணியை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனான். நான் விரித்தேன், கோடிட்டேன், வெட்டினேன், கட்டினேன், மேலே மூன்று என்று எழுதினேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

என் மேசைக்கு நேர் எதிரே சுவர்க்கடிகாரம் மாட்டியிருக்கிறது. இருந்தும் அன்று அவனிடம் நான்கு முறை மணி கேட்டேன். நான்கு முறையும் அவன் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், வலது கையைத் திருப்பிப் பார்த்து, நிமிடம் பிசகாமல் சொன்னான்.