துண்டுக்குள் ஒரு கை

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொன்னால் அது வியாபாரமே இல்லை. தரகர் தோள்துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போடுவார். வாங்குகிறவர் அதற்குள் கையை விட்டு, அவர் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. என் அண்ணன் அப்துல் சமது இந்தத் தொழிலில் பேர் வாங்கினவர். அவருக்குப் போய்க் குஷ்டம் வந்தது.

மருந்து சாப்பிட்டு முழுசாகக் குணமாகிவிட்டது. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். சந்தைக்காரர்கள் காதில் அது ஏறினால்தானே? எதிரில் பார்த்தால் நலம் விசாரிப்பார்கள், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அண்ணன் என் வீட்டுப் பின்னறையில் முடங்கினார். தனக்குத் தனித் தட்டு வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். மறுநாளே அந்தத் தட்டில் கோழிக்குத் தவிடு வைத்துவிட்டேன்.

போன வாரம் என் செவலைப் பசுவை அவர் கையில் பிடித்துக் கொடுத்தேன். "வித்துக் குடுங்கண்ணா."

"இன்னிக்கும் ஒருத்தரும் கை போடலீன்னா, இனி என்னையச் சந்தைக்குக் கூப்புடாத, மெஹரு" என்றார்.

சரி என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

என் டீக்கடை சந்தை வாசலிலேயே இருக்கிறது. அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பசுவுக்கு ஆள் வராமலில்லை. மடியைத் தடவினார்கள், பல்லைப் பார்த்தார்கள். அண்ணன் துண்டை விரித்ததும், "வெலைய வாயிலயே சொல்லுங்க பாய்" என்றார்கள். அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். மாட்டு வாய்க்குள் கை விடுகிறவனுக்கு என் அண்ணன் கை அசிங்கமாம். கொதிக்கிற பாலை அவனவன் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்கு வந்தது.

சந்தை கலையும் நேரத்தில் காளிச்சாமி வந்தார். மாட்டைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காத மாட்டு வியாபாரி. பசுவைச் சுற்றி வந்தார். அண்ணன் துண்டை விரித்தார். காளிச்சாமி மடியைப் பார்த்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் கையை உள்ளே விட்டுவிட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. காளிச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க பாய், நான் வெரலை அழுத்தி அழுத்தி வெலையக் கூட்டிக்கிட்டே போறேன். நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கறீங்க?"

அண்ணன் முகம் வெளிறிப்போனது. "சுண்டு வெரல்லயும் அதுக்கு அடுத்ததுலயும் எனக்கு ஒணர்ச்சி இல்லீங்க. நீங்க புடிச்சது தெரியலீங்க."

யாருடைய கையைப் பிடித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் காளிச்சாமிக்கு உறைத்தது. கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கரண்டியைக் கீழே போட்டேன். அண்ணன் துண்டை மடிக்கத் தொடங்கினார்.

"இருங்க" என்றார் காளிச்சாமி. "எடது கையில ஒணர்ச்சி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப அதைக் குடுங்க."

இடது கையில் பேசின வியாபாரம் உருப்படாது என்று நம்புகிற சந்தை எங்களுடையது. காளிச்சாமி தானே துண்டை வாங்கி, அண்ணனின் இடது கைமேல் போட்டு, தன் கையை உள்ளே நுழைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "இந்த வெலைக்கு ஆட்டுக்குட்டிகூட வராது. போங்க, போயி வேற மாடு பாருங்க."

அடிவயிற்றிலிருந்து வரும் அந்தத் தரகுச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. அல்லாவே, இது போதும் எனக்கு. பசு விற்றாலும் சரி, கட்டுத்தறிக்கே திரும்பி வந்தாலும் சரி. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டேன்.

காளிச்சாமியும் பதிலுக்குக் கத்தினார். கையை மட்டும் அவர் வெளியே எடுக்கவில்லை.