அப்பா குரலில் பேசியவர்

மோசடிக்காரர்களை மடக்குவது எங்கள் அப்பாவின் ஓய்வுக்கால உத்தியோகம். சம்பளம் கிடையாது. ஆனால் சம்பளம் வாங்கிய காலத்தில்கூட அவர் இவ்வளவு பொறுப்பாக வேலை பார்த்ததில்லை என்பாள் அம்மா. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனாவது அழைத்தால் போதும். போனை ஸ்பீக்கரில் போட்டு, எங்களைச் சாப்பாட்டு மேசைக்கு வரவழைத்து, அவன் அழும் நிலைக்கு வரும்வரை விட மாட்டார்.

போன வாரம் மாட்டியது ஒரு பெண். கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். உங்கள் மாடலில் முன் சஸ்பென்ஷனில் ஒரு குறை இருக்கிறது, எல்லா வண்டிகளையும் திரும்ப அழைக்கிறோம், இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை ஓட்ட வேண்டாம் என்றாள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். உங்கள் கம்பெனிக்கே மூளையில் ஏதோ கழன்றிருக்கிறது, முதலில் அதைத் திரும்ப அழையுங்கள் என்றார். அவள் விடாமல் மறுபடி மறுபடி அழைத்தாள். அப்பா அந்த எண்ணையே முடக்கினார். நாங்கள் கைதட்டினோம்.

வண்டியின் முன்பக்கத்தில் கொஞ்ச நாளாகவே 'டொக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது உண்மைதான். அதற்கும் அப்பா வைத்தியம் பார்த்திருந்தார். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் கேட்காது.

அந்த வண்டியைத்தான் இன்று காலை அக்கா எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மலைக்கு அந்தப் பக்கம் அத்தானுக்கு வேலை. வீடு மாற்றும் சமயம், ஒரு மாதம் வைத்துக்கொள் என்று அப்பாவே சாவியைக் கொடுத்திருந்தார். பின்சீட்டில் பாப்பா பெல்ட்டுக்குள் தூங்கிக்கொண்டு போனது.

அவர்கள் போய் வெகுநேரம் கழித்து எதிர்வீட்டு வாசலில் ஒரு இழுவை லாரி வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து அதே மாடலை வாங்கியவர். அவருக்கும் போன் வந்திருக்கிறது, மனுஷர் நம்பிவிட்டார். ஏமாந்தவனை நேரில் பார்க்கும் ஆசையில் அப்பா செருப்பை மாட்டினார். நான் துணைக்குப் போனேன். கல்லூரிக்குப் போகாமலிருக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

லாரிக்காரர் காரின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நமுட்டுச் சிரிப்போடு குனிந்தார். சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்துகிற இரும்புக் கையை லாரிக்காரர் காட்டினார். பற்றவைத்த இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

"இது விட்டா என்ன ஆகும்?" என்றார் அப்பா.

"சக்கரம் உள்பக்கமா மடங்கிடும் சார். ஸ்டியரிங் சும்மா சுத்தும். தெருவுல மெதுவாப் போறப்ப விட்டா பிழைச்சோம். மலை இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வளைப்போம் பாருங்க, அப்ப மொத்த பாரமும் இதுமேலதான்."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, காலியாகக் கிடந்த எங்கள் போர்ட்டிகோவைப் பார்த்தார். "உங்க வீட்லயும் இதே வண்டிதானே? எங்க சார்?"

அப்பா அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கத்தான் செய்யும். வண்டி ஓட்டுகிறவரின் போன் டிக்கியில் இருக்க வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். பாதுகாப்புக்காக. முன்னால் ரேடியோ அலறிக்கொண்டிருக்க, பின்னால் பெட்டிகளுக்கு அடியில் போன் பாதுகாப்பாக அடித்துக்கொண்டிருந்தது.

மறுபடி அழைத்தேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டார். அது என் கழுத்தில் சுட்டது.

விஷயத்தைக் கேட்ட அம்மா அலறவில்லை. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறதே, டயருக்குக் காற்று பார்க்காமல் இறங்கக் கூடாது என்று இவர் உயிரை வாங்குவாரே, அவள் அங்கே நின்றாக வேண்டும் என்றாள். கூடவே, இந்நேரம் அங்கேதான் இருப்பாள், இல்லையென்றால் தாண்டியிருப்பாள் என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பங்க் எண்ணைத் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா ஒரே மூச்சில் சொன்னார். கார் கம்பெனி, குறை, சக்கரம் மடங்கிவிடும், ஒரு பெண் வருவாள், நிறுத்துங்கள்.

மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஓடிபி இப்பவே கேப்பீங்களா சார், இல்ல டீ குடிச்சிட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தன் தொழிலில் தன்னைவிடக் கெட்டிக்காரனைச் சந்தித்த மாதிரி அப்பா போனையே பார்த்தார். நானே மறுபடி எண்ணைப் போட்டேன்.

"வெச்சிடாதீங்க தம்பி," என்றார் அப்பா. அவர் யாரையும் தம்பி என்று கெஞ்சி நான் கேட்டதில்லை. "வெள்ளை வண்டி. பின்சீட்ல ஒரு குழந்தை தூங்கும். ஓட்டுற பொண்ணு காத்து அளவுக்காக உங்ககிட்ட சண்டை போடுவா. உங்க மீட்டர் தப்புன்னு சொல்லுவா."

"அட, அந்த மேடமா? இப்பதான் என் மீட்டரைத் திட்டிட்டுக் கிளம்புறாங்க." அதற்குமேல் செருப்புச் சத்தம்தான் கேட்டது. ஓடினார். ஹாரன். மேடம், மேடம் என்ற கூப்பாடு. பிறகு எங்கள் ரேடியோ. அந்த அலறலை எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். கண்ணாடி இறங்கியிருக்கிறது.

"யாருங்க?" அக்கா குரல்.

"நான்தான்மா, அப்பா. வண்டியை அணைச்சிட்டு பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இறங்கு. அந்தக் கம்பெனிப் பொண்ணு சொன்னது நிஜம். நான்தான் கேக்கல. தப்பு என்மேலதான். என்னை மன்னிச்சிடும்மா."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நிதானமாகப் பேசினாள்.

"குரலை அச்சு அசலா எடுத்திருக்கீங்க. ஆனா ஆளைச் சரியா விசாரிக்கலை. எங்கப்பா தலைகீழா நின்னாலும் தப்பு என்மேலன்னு சொல்ல மாட்டார்." பிறகு பங்க்காரரிடம், "நீங்களும் இதுக்கு உடந்தையா? வழியை விடுங்க" என்றாள்.

கியர் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாக அப்பா சாப்பாட்டு மேசையில் நடத்திய பாடத்தில் அவள்தான் முதல் மாணவி. வகுப்பில் தூங்கிய என்னால் ஒன்றும் யோசிக்க முடியவில்லை. அம்மா அப்பாவின் கையைப் பிடித்து, "எப்பவும் பேசுற மாதிரிப் பேசுங்க" என்றாள்.

அப்பாவுக்குச் சட்டென்று புரிந்தது.

"ஏய் கழுதை. கிளட்ச்சுல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அந்த உறுமலைக் கேட்டாலே தெரியுது. உனக்கு லைசென்ஸ் குடுத்தவனைச் சொல்லணும். அணைடி வண்டியை."

இன்ஜின் நின்றது. ரேடியோவும் நின்றது.

"அப்பா?" என்றாள் அக்கா, சின்னக் குரலில்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கும்வரை நாங்கள் யாரும் உட்காரவில்லை. வெளியே போகும் வழியை மறித்து நின்ற வண்டியை ஓரமாகத் தள்ள இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பங்க்காரர் வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாராம். சாலை ஓரத்தில் ஒரு சின்ன மேடு, படிக்கட்டின் பாதி உயரம்கூட இருக்காது. அதில் சக்கரம் ஏறி இறங்கியது. நாங்கள் இத்தனை நாள் ரேடியோ போட்டு மறைத்த சத்தம், இந்த முறை போன் வழியாக எங்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்தது.

"மடங்கிடுச்சு சார்," என்றார் பங்க்காரர். அவர் குரலில் கிண்டல் இல்லை. "உள்பக்கமா, அப்படியே. இங்கேருந்து முதல் வளைவு தெரியுது சார்."

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீடு வந்துவிட்டதா என்று பாப்பா தூக்கக் கலக்கத்தில் கேட்பது மட்டும் போனில் கேட்டது.

நெடுநேரம் கழித்து அக்கா போனை வாங்கினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, முதல்ல ஒண்ணு சொன்னீங்களே, மன்னிப்பு. அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்ப்பது தெரிந்ததும் திரும்பிக்கொண்டார்.

"என்ன மன்னிப்பு?" என்றார். "அது எவனோ திருட்டுப் பயல் பேசியிருப்பான். போனை வை. நான் அந்தக் கம்பெனிப் பொண்ணுகிட்டப் பேசணும்."