கண்ணீரை வெட்டிய பதிப்பு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மதினியின் கோபத்தில் பிறந்தது. மதினி மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர். இந்த வருடம் எந்த வாழ்க்கை வரலாற்று நூலைப் பாடமாக வைப்பது என்று அவரையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

"எதைத் தொறந்தாலும் ஒரே ஆளு! பேரை மட்டும் மாத்தி மாத்தி அச்சடிச்சிருக்கானுங்க" என்று போனில் பொரிந்து தள்ளினார்.

முதல் வரி எழுதினேன்: 'இளமையிலேயே அறிவும் அடக்கமும் மிக்கவராய்த் திகழ்ந்த ஆசிரியை...' சே! அந்த நடை எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2.
வாப்பாவை இழந்த ஒரு சின்னப் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மதினி வீடு தேடிப் போய்க் கேட்டார்.

"எனக்கு சபூர் வரல டீச்சர். அழுகைதான் வருது. பாவந்தானே?"

சபூர் என்றால் பொறுமை. பழைய பாடநூல் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: நபியவர்கள் தம் குழந்தை இறந்தபோது பொறுமை காத்தார்கள். முற்றுப்புள்ளி.

(அவர்கள் கண்ணீர் விட்டது பெரியவர்கள் படிக்கும் நூல்களில் இருக்கிறது. பிள்ளைகளுக்காகச் சுருக்கியவர் முதல் வேலையாக அதைத்தான் வெட்டியிருக்கிறார். நல்லா இருங்கப்பா!)

3.
மத்ரஸாவின் செயலாளர் வேறு யாருமில்லை, என் அண்ணன்தான்; மதினியின் கணவர். கண்ணீரை வெட்டாத நூலையே வைக்கலாம் என்று மதினி அவரிடம் கேட்டார்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு சோகம்? சுருக்கமா இருக்கட்டுமே."

"அப்ப நீங்களே போய்ப் பாடம் எடுங்க! நான் வரல."

அண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. எங்கள் உம்மா மௌத்தான அன்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சபூர் சொல்லிக்கொண்டு நின்றவர் அவர்தான். அவரிடம் மட்டும் யாரும்... [இந்த வாக்கியம் வேண்டாம்.]

4.
முடிவு ஒன்று: அண்ணன் மனம் மாறுகிறார். நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும்தான்.

முடிவு இரண்டு: மதினி வேலையை விடுகிறார். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வதாம்?

நடந்தது இது. மதினி பெரியவர்கள் படிக்கும் நூலைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். வண்டியில் கொண்டுவந்து விட்ட அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"நெசமா அழுதாங்களா? யாரும் தப்புன்னு சொல்லலையா?"

"ஒருத்தர் ஆச்சரியப்பட்டுக் கேட்டாங்க, நீங்களுமான்னு. இது இரக்கம்னு நபியவங்க பதில் சொன்னாங்கம்மா."

வாசலில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மதினி திரும்பிப் பார்க்கவில்லை.

5.
நாளை நிர்வாகக் கூட்டம். செயலாளர் எந்தப் புத்தகத்துக்குச் சம்மதிப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள். கூடப் பிறந்தவள்தான், இருந்தும் தெரியவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண் அதைப் படிப்பாள், பார்த்து எழுதுங்கள்.